எட்டாம் நாளில் வரைகோடு ஏன் விழுந்தது? கடலில் தொங்கவிட்ட ஸ்லைடும் உயிர்ப்படலக் கணக்கும்

#1 கணக்கு_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகைக்கெழுச் சமன்பாடு நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் மக்கள்தொகைப் பெருக்கத்தைத்தான் உதாரணமாகச் சொல்லுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், ஆனால் மனதில் ஒட்டாது. பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள். படகின் அடியிலும் கயிற்றிலும் பிடிக்கும் அந்த வழுவழுப்பைத் தொட்டு வளர்ந்தவர்கள். பாக்டீரியா கூட்டமாக ஒட்டிப் பசை சுரந்து வளரும் அந்த அடுக்குக்குத்தான் உயிர்ப்படலம் என்று பெயர். அதையே கணக்காக்கினால் என்ன என்று தோன்றியது.

ஒரு நைலான் சட்டத்தில் 16 கண்ணாடி ஸ்லைடுகளைக் கட்டி, வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் ஒரு சின்னத் துறையில் கை ஆழத்தில் தொங்கவிட்டோம். தினமும் ஒரு ஸ்லைடை எடுத்து மெதுவாக அலசி, 0.1 சதவீத கிரிஸ்டல் வயலட் சாயத்தில் 15 நிமிடம் வைத்தோம். அப்புறம் கழுவி, ஒட்டிய சாயத்தை 30 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, நிறத்தின் அடர்வைக் காட்டும் கலரிமீட்டரில் அளந்தோம். சாயம் அதிகம் என்றால் படலம் அதிகம்.

முதல் மூன்று நாள் அளவு ஏறவே இல்லை என்று சொல்லலாம். நான்கிலிருந்து ஏழு வரை நன்றாக ஏறியது. பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். எட்டாம் நாள் கிட்டத்தட்ட பாதியாக விழுந்தது. மறுபடி ஏறி ஒரு மாதிரி சமமானது. பதின்மூன்றில் மறுபடி விழுந்தது.

நான் பொருத்திப் பார்த்தது 1838-இல் வெர்ஹுல்ஸ்ட் எழுதிய லாஜிஸ்டிக் சமன்பாடு. அந்த வரைகோடு ஏறும், வளையும், நிலைக்கும். விழவே விழாது. எங்கள் அளவீடு தவறா, சமன்பாடு தவறா?

#2 நுண்ணோக்கி

டீச்சர், முதலில் இதைப் பள்ளியில் செய்து பார்த்ததற்கு நன்றி.

சமன்பாட்டுக்குப் போகும் முன் அளவீட்டைப் பார்ப்போம். நாளுக்கு ஒரே ஒரு ஸ்லைடு எடுத்திருக்கிறீர்கள். ஏழாம் நாள் ஸ்லைடும் எட்டாம் நாள் ஸ்லைடும் வேறு வேறு. ஒரு பிள்ளையின் உயரத்தை வருடாவருடம் அளப்பது ஒன்று, ஒவ்வொரு வருடமும் வேறொரு பிள்ளையை நிறுத்தி அளப்பது இன்னொன்று. நாளுக்கு மூன்று ஸ்லைடாவது எடுத்தால்தான் விழுந்தது படலமா, அந்த ஒரு ஸ்லைடின் தலையெழுத்தா என்று சொல்ல முடியும்.

இரண்டாவது, கிரிஸ்டல் வயலட் உயிரோடிருக்கும் பாக்டீரியாவை மட்டும் பிடிப்பதில்லை. செத்த செல், அவை சுரந்து வைத்திருக்கும் பசை, வெயில் படும் இடத்தில் வந்து ஒட்டும் டயட்டம் பாசி எல்லாவற்றையும் பிடிக்கும். வடகடலில் கலங்கல் வேறு அதிகம். சட்டத்துக்கு மேல் கறுப்புத் துணியால் நிழல் கட்டினால் டயட்டம் குறையும்.

முதல் மூன்று நாள் ஏறாததில் வியப்பில்லை. கண்ணாடியைக் கடலில் விட்டதும் சில நிமிடங்களிலேயே நீரில் கரைந்திருக்கும் புரதமும் சர்க்கரையும் அதன்மேல் மெல்லப் படியும். பிறகு பாக்டீரியா வந்து தொட்டுப் பார்க்கும், விலகும், மறுபடி வரும். சில ஒட்டிக்கொண்டு பசை சுரக்கத் தொடங்கும். அந்தப் பசைதான் படலத்தின் வீடு. உள்ளே பெரும்பங்கு தண்ணீர்தான். பார்க்க வழுக்கல் மாதிரி இருந்தாலும் அதற்குள் கால்வாய் உண்டு, மேடு உண்டு, காற்று புகாத பள்ளம் உண்டு.

#3 நீவாடு

டீச்சர், நான் பாம்பன். கணக்கு அவ்வளவு தெரியாது, தண்ணி தெரியும். எட்டாம் நாளுக்கு முந்தின ராத்திரி காற்று எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? பௌர்ணமி, அமாவாசை எதுவும் பக்கத்தில் வந்ததா? பாம்பன் வாய்க்காலில் அந்த நாட்களில் நீவாடு, அதாவது நீரோட்டம், இழுக்கிற இழுப்பே வேற.

எங்கள் ஊரில் தினமும் ஓடுகிற படகையும் கட்டிக் கிடக்கிற படகையும் தூக்கிப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஓடுகிற படகில் வழுக்கு இருக்கும், ஆனால் மெல்லிசாக, தோல் மாதிரி ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தாலும் வராது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் தண்ணியிலேயே கட்டிப் போட்ட படகில் கொழகொழவென்று தடிப்பாக இருக்கும். ஒரு வாளி தண்ணியை வேகமாக ஊற்றினாலே பாதி போய்விடும். அதுக்கு மேல்தான் கொட்டலசு (ஓடு போட்டு ஒட்டிக்கொள்ளும் சின்ன உயிரி) வந்து உட்காரும்.

#4 கணக்கு_டீச்சர்

நீவாடு தம்பி, குறிப்பேட்டைப் பார்த்தேன். பௌர்ணமி இல்லை. ஆனால் ஏழாம் நாள் ராத்திரி சோளகம் (தென்காற்று) பலமாக அடித்தது என்று ஒரு மாணவி ஓரத்தில் எழுதியிருக்கிறாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. பதின்மூன்றாம் நாளுக்கு முன் காற்று எதுவும் இல்லை.

#5 சவ்வூடு

கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வுகளோடு பல வருடம் வேலை செய்திருக்கிறேன், அதனால் உயிர்ப்படலம் எனக்குத் தினசரிப் பகை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சரின் லாஜிஸ்டிக் சமன்பாட்டை விரித்து எழுதுவோம். தடிமனை 'த' என்றும், வளர்ச்சி வீதத்தை 'வ' என்றும், உச்ச எல்லையை 'எ' என்றும் வைத்தால்:

தடிமன் மாறும் வேகம் = வ × த − (வ ÷ எ) × த²

இதில் கழிக்கப்படும் பகுதிக்குப் பாடப்புத்தகம் சொல்லும் பொருள் 'நெரிசல்'. இடமும் உணவும் போதாமல் வளர்ச்சி தளர்கிறது என்று.

இப்போது வேறொருவர் வருகிறார். அவர் நெரிசலை நம்பவில்லை. படலம் தன் பாட்டுக்கு வளர்கிறது, ஓடும் நீர் அதை அரித்துக்கொண்டே இருக்கிறது, தடிமன் கூடக்கூட அரிப்பு அதன் வர்க்கத்தில் கூடுகிறது என்கிறார். உயிர்ப்படல மாதிரிகளில் பலகாலமாகப் புழங்கும் அனுமானம் இது. அவர் எழுதும் சமன்பாடு:

தடிமன் மாறும் வேகம் = வ × த − உ × த²

'உ' என்பது உதிர்வுக் கெழு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உ-வுக்குப் பதில் வ ÷ எ என்று போட்டால் இரண்டும் ஒரே சமன்பாடு! வரைகோடு கச்சிதமாகப் பொருந்தினாலும், படலம் நெரிசலால் நின்றதா நீர் அரித்து நின்றதா என்று அந்தக் கோடு ஒருபோதும் சொல்லாது. எனக்கு இது புரிய ரொம்ப வருடம் ஆனது. பொருத்தம் நன்றாக வந்தாலே காரணம் கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பிரித்தறிய ஒரே வழி, நீரோட்டத்தை மாற்றிப் பார்ப்பது. நெரிசல்தான் காரணம் என்றால் ஓட்டம் கூடினாலும் உச்சம் அவ்வளவாகக் குறையாது. அரிப்புதான் காரணம் என்றால் குறைந்தே ஆகவேண்டும்.

அடுத்தது உணவு. உணவு எவ்வளவு கிடைத்தால் எவ்வளவு வேகமாக வளரும் என்பதற்கு 1940-களில் மோனோ ஒரு எளிய சமன்பாடு தந்தார். குறைவாக இருக்கும்போது உணவுக்கு ஏற்ப வளர்ச்சி ஏறும், நிறைய இருந்தால் உச்சத்தில் நிற்கும். குடுவையில் கலக்கிக்கொண்டே வளர்த்தால் அது போதும். படலத்தில் போதாது. ஏனென்றால் அடியில் இருக்கும் பாக்டீரியாவுக்கு மேலே இருப்பவர்கள் தின்றது போக மிச்சம்தான்.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். நீரில் அது பரவும் கெழு நொடிக்குச் சுமார் 2000 சதுர மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). படலத்துக்குள் பசை தடுப்பதால் 1200 என்று வைப்போம். நம் கடல்நீரில் லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் ஆக்சிஜன், படலம் நொடிக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 0.5 நான் கணக்குக்காக எடுத்த எண். ஆக்சிஜன் இறங்கும் ஆழத்தின் வர்க்கம் = 2 × 1200 × 6.5 ÷ 0.5 = 31,200. வர்க்கமூலம் எடுத்தால் 177 மைக்ரான். நாலைந்து காகிதத் தாள் கூட இல்லை, வெறும் இரண்டு தாள் கனம். அதற்குக் கீழே மூச்சே இல்லை. அங்கே வேறு வகை பாக்டீரியாதான் பிழைக்கும். பாம்பன் பாலம் போன்ற கடல் இரும்பை உயிர்ப்படலத்துக்கு அடியில் அரிக்கும், ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டைக் கொண்டு பிழைக்கும் வகைகளுக்கு அந்த மூச்சில்லாத இருட்டுதான் வசதி.

ஆகவே தடிமன் எவ்வளவு இருந்தாலும் உண்மையில் வளர்வது மேலடுக்கு மட்டும். அந்த அடுக்கின் கனம் 100 மைக்ரான், வளர்ச்சி வீதம் நாளுக்கு 2 என்றால், நாளுக்கு 200 மைக்ரான் புதிதாக உருவாகும். உதிர்வு 0.002 × த² என்றால், இரண்டும் சமமாகும் இடம் √(200 ÷ 0.002), அதாவது சுமார் 316 மைக்ரான். உதிர்வுக் கெழு இரண்டு மடங்கானால் 224. உணவு இறங்கும் ஆழம் இரண்டு மடங்கானாலும் தடிமன் 1.4 மடங்குதான் ஆகும். வர்க்கமூலம் எதையும் அவ்வளவு எளிதில் பெருக விடாது. இதைப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டுங்கள் டீச்சர்.

#6 நுண்ணோக்கி

சவ்வூடு அண்ணன் எழுதிய அரிப்பு தினமும் துளித்துளியாகப் போவது. டீச்சருடைய ஸ்லைடில் நடந்தது அது இல்லை. பாதி ஒரே ராத்திரியில் போயிருக்கிறது. இது பிய்ந்து விழுவது. கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் அடி அடுக்கு பட்டினியில் பலமிழந்து போகும். மேலே இருப்பது இன்னும் தடித்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஒரு பாளம் அப்படியே கழன்றுவிடும். காற்று அடித்தால் சீக்கிரம் நடக்கும், அடிக்காவிட்டாலும் நடக்கும். பதின்மூன்றாம் நாள் காற்றில்லாமலே விழுந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதைத் தொடர்ச்சியான சமன்பாட்டில் அடைக்க முடியாது. ஒரு நாளில் பாளம் விழும் வாய்ப்பு தடிமனோடு கூடுகிறது என்று வைத்து, கணினியில் பகடை உருட்ட வேண்டும். அப்படி நூறு ஸ்லைடுக்கு ஓட்டினால் ஒவ்வொரு கோடும் ரம்பப் பல் மாதிரி ஏறி விழும். நூறையும் சராசரி எடுத்தால் வழவழப்பாக ஏறி நிலைக்கும் கோடு வரும். பார்த்தால் லாஜிஸ்டிக் மாதிரியே இருக்கும்.

#7 கணக்கு_டீச்சர்

இந்தக் கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன். அப்படியென்றால் எந்த ஒரு ஸ்லைடும் அந்தச் சராசரிக் கோட்டின்படி வளரவே இல்லை! நாளைக்கு வகுப்பில் பகடையோடுதான் போகப் போகிறேன்.

#8 தேவிபட்டினம்_மாணவன்

அண்ணன், அக்கா எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். நீங்கள் பேசுவது எல்லாம் தடிமன். பக்கவாட்டில் பரவுவதற்கு ஃபிஷரின் 1937 சமன்பாட்டைப் போடலாமா? பரவல் கெழுவும் வளர்ச்சி வீதமும் தெரிந்தால் முன்னேறும் வேகம் = 2 × √(வளர்ச்சி வீதம் × பரவல் கெழு) என்று கையாலேயே வந்துவிடுகிறதே.

#9 சவ்வூடு

நல்ல கேள்வி தம்பி. போடலாம், ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கும்.

ஃபிஷர் சமன்பாட்டில் பரவல் கெழு மாறாத எண். அதனால் தொடங்கிய மறுநொடியே படலத்தின் ஒரு மெல்லிய வால் கண்ணாடி முழுக்கப் பரவியிருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அப்படி இருக்காது. படலம் இருக்கும் இடத்துக்கும் வெறும் நீருக்கும் நடுவே தெளிவான விளிம்பு இருக்கும். இரண்டாவது, பாக்டீரியா ஒட்டிய பின் நீந்திப் பரவுவதில்லை. பக்கத்தில் இடம் நிறைந்தால்தான் தள்ளிக்கொண்டு போகும்.

2001-இல் எபெர்ல், பார்க்கர், வான் லூஸ்ட்ரெக்ட் மூவரும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பரவல் கெழு படலத்தின் அடர்த்தியைப் பொறுத்து மாறட்டும் என்றார்கள். அடர்த்தி பூஜ்ஜியத்தை நெருங்கும்போது கெழுவும் பூஜ்ஜியமாகும், அதனால் விளிம்பு கூர்மையாக நிற்கும். அடர்த்தி உச்சத்தை நெருங்கும்போது கெழு எல்லையில்லாமல் ஏறும், அதனால் எந்த இடத்திலும் உச்சத்துக்கு மேல் குவிய முடியாது, பக்கத்தில் வழிந்தே ஆகவேண்டும். ஒரே சார்பின் இரண்டு முனைகள் இரண்டு உண்மையைச் சொல்கின்றன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சமன்பாடு இதுதான்.

கணினியில் முதலில் செய்து பார்க்க வேண்டுமென்றால் கட்டமிட்ட தாளில் தொடங்கு. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பாக்டீரியா, எவ்வளவு உணவு என்று இரண்டு எண். உணவு மேலிருந்து பரவி வரட்டும். கட்டம் நிறைந்தால் பாதியைப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளு. 1998-இல் பிசியோரியானு குழு செய்தது இதன் விரிவான வடிவம்தான். உணவு தாராளமாகக் கிடைத்தால் சமதளமாக, கனமாக வளரும். உணவு குறைவு, வளரும் வேகம் அதிகம் என்றால் சின்ன மேடுகள் விரல் விரலாக, காளான் காளானாக எழும்பும். மேட்டின் நுனி உணவுக்கு அருகில் இருக்கிறது, வேகமாக வளர்கிறது, இன்னும் அருகில் போகிறது. பள்ளத்தில் இருப்பவை பட்டினி கிடக்கும். எந்த பாக்டீரியாவும் காளான் வடிவம் வேண்டுமென்று திட்டமிடவில்லை.

ஒரு கணக்கு மட்டும் கவனம். உணவு 100 மைக்ரான் பரவ சில நொடி போதும். படலம் அதே அளவு வளர மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். இரண்டையும் ஒரே நேரப்படியில் ஓட்டினால் உன் மடிக்கணினி வாரக்கணக்கில் ஓடும். ஒவ்வொரு வளர்ச்சிப் படியிலும் உணவு ஏற்கனவே நிலைத்துவிட்டது என்று வைத்துத் தீர்த்துவிடு.

#10 நுண்ணோக்கி

'திட்டமிடவில்லை' என்பதில் மட்டும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை அண்ணன். பாக்டீரியா தங்களுக்குள் வேதிச் சைகை அனுப்பி, கூட்டம் சேர்ந்தது தெரிந்த பிறகே சில வேலைகளைத் தொடங்குகின்றன. ஒளிரும் விப்ரியோ வகையில் 1970-லேயே இது தெரிந்துவிட்டது. பசை சுரப்பது, பசையைக் கரைத்துக்கொண்டு வெளியேறுவது இதெல்லாம் பல இனங்களில் அந்தச் சைகையோடு சேர்ந்தவை. பட்டினி வந்ததும் கிளம்பிப் போவதும் உண்டு. எட்டாம் நாள் விழுந்ததில் அவை தாமாகப் போன பங்கும் இருக்கலாம்.

#11 சவ்வூடு

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சைகையைச் சேர்த்தால் இன்னும் நாலு கெழு வரும், நாலும் நமக்குத் தெரியாது. பள்ளித் துறையில் 16 ஸ்லைடு வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. உணவும் நீரும் மட்டும் வைத்து எவ்வளவு தூரம் விளங்குகிறது என்று முதலில் பார்ப்போம். விளங்காத மிச்சம் இருந்தால் அப்புறம் உங்கள் சைகைக்கு வருகிறேன்.

#12 பாசிக்காரி

நான் முனைக்காட்டில் மிதவை கட்டிக் கடற்பாசி வளர்க்கிறேன். மகள் இதைப் படித்துக் காட்டினாள். 45 நாள் பயிர். காற்றும் நீரோட்டமும் நன்றாக இருக்கிற காலத்தில் பாசி சுத்தமாக, கறுகறுவென்று வரும். தண்ணி நின்றுபோய் சூடு ஏறினால் முதலில் பாசி மேல் வழவழவென்று ஒரு அழுக்கு பிடிக்கும். சேறும் அதிலே ஒட்டும். அதை விட்டுவிட்டால் கொப்பு வெள்ளை விழுந்து ஒடிந்து போகும். அதனால் அப்போது தினமும் போய் மிதவையைப் பிடித்து ஆட்டி உதறிவிடுவோம். இது நாங்கள் பார்த்துப் படித்தது.

டீச்சரிடம் ஒன்று கேட்கணும். மிதவையின் ஓரத்துக் கயிற்றில் எப்போதும் அழுக்கு முதலில் பிடிக்கிறது. ஆனால் கடைசியில் அதிக அழுக்கு சேர்வது நடுக் கயிற்றில். இது ஏன்?

#13 சவ்வூடு

அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கு உள்ளேதான் இந்த இழையின் பதில் இருக்கிறது.

எந்தப் பொருளின் மேலும் ஓடும் நீர் அதைத் தொடும் இடத்தில் கிட்டத்தட்ட நின்றுவிடும். அந்த நின்ற நீரின் அடுக்கைத் தாண்டித்தான் உணவும் புது பாக்டீரியாவும் வந்து சேர வேண்டும். ஓட்டம் வேகமானால் அந்த அடுக்கு மெலியும், வரத்து கூடும். ஓரத்துக் கயிற்றில் ஓட்டம் அதிகம், அதனால் முதலில் பிடிக்கிறது. ஆனால் அதே ஓட்டம் அரிக்கவும் செய்யும். படலம் மெல்லிசாக இருக்கும்வரை அரிப்பு பெரிதில்லை, தடித்தபின் வர்க்கத்தில் ஏறும். நடுக் கயிற்றில் வரத்து மெதுவாக வந்தாலும் அரிப்பு குறைவு, அதனால் கடைசியில் அங்கேதான் அதிகம் சேரும்.

வெள்ளை விழுவது மட்டும் படலத்தால் என்று நான் சொல்ல மாட்டேன். சூடும் மழைநீர் கலந்து உப்பு குறைவதும் பாசியை முதலில் தளர்த்தும், தளர்ந்த பாசியில் பாக்டீரியா ஏறும். நீங்கள் உதறுவது 'உ' என்ற கெழுவைக் கையால் கூட்டுவது. சவ்வு வேலையில் நாங்கள் அழுத்தத்தோடு நீரை அடித்துச் செய்வதும் அதுதான்.

#14 கணக்கு_டீச்சர்

அப்படியானால் இரண்டு இடத்தில் ஸ்லைடு தொங்கவிட வேண்டும். ஓட்டத்தில் ஒன்று, ஒதுக்கத்தில் ஒன்று. அக்கா சொன்னது சரியென்றால் இரண்டு கோடுகளும் நடுவில் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். லாஜிஸ்டிக்கில் எல்லையை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றாகத் தொடங்கிப் பிரியுமே தவிர வெட்டாது. நாளுக்கு மூன்று ஸ்லைடு, இரண்டு இடம், இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று 14 நாள். 42 ஸ்லைடு. நிழல் துணியும் கட்டுகிறோம்.

#15 நீவாடு

டீச்சர், பாம்பன் வாய்க்காலுக்குள் கட்டாதீர்கள், கயிறே நிற்காது. வாய்க்கால் வாசலில் மாமாவுடைய வத்தை (சின்னப் படகு) நிற்கிற இடம் ஓட்டத்துக்குச் சரியாக இருக்கும். ஒதுக்கத்துக்கு அதே துறையில் கல்லுக்கு உள்பக்கம். இரண்டும் கூப்பிடு தூரம்தான், தண்ணி ஒன்றுதான், இழுப்புதான் வேற. பிள்ளைகளை நான் கூட்டிப் போய்க் காட்டுகிறேன். ஈயக்குண்டு இரண்டு போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சட்டம் மேலே மிதந்து ஸ்லைடு வெயிலில் காயும்.

#16 கணக்கு_டீச்சர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒதுக்கத்தில் இருந்த நான்கு ஸ்லைடுகளை நண்டோ மீனோ தட்டிவிட்டது. மற்றவை எல்லாம் வந்து சேர்ந்தன.

நான்காம் நாள் வரை ஓட்டத்து ஸ்லைடுகள் மூன்றுமே ஒதுக்கத்து ஸ்லைடுகளைவிடக் கருநீலம். ஆறாம் நாள் ஏறக்குறைய சமம். எட்டிலிருந்து ஒதுக்கம் மேலே போய்விட்டது, கடைசிவரை மேலேயே இருந்தது. ஓட்டத்து மூன்றும் எப்போதும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருந்தன. ஒதுக்கத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம். பத்தாம் நாள் ஒரு ஸ்லைடு அடர் நீலம், பக்கத்தில் தொங்கியது வெளிறிப் போயிருந்தது. அதன் ஓரத்தில் பாளம் பிய்ந்த தடம் கண்ணாலேயே தெரிந்தது.

பாசிக்காரி அக்காவின் கேள்வியைத்தான் கரும்பலகையில் தலைப்பாக எழுதி இருக்கிறேன். இப்போது பிள்ளைகள் கேட்பது, வெட்டும் நாளைச் சமன்பாட்டிலிருந்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று. வரத்தையும் உதிர்வையும் ஓட்ட வேகத்தோடு எப்படி இணைப்பது? ஓட்டத்தை அளக்க எங்களிடம் இருப்பது ஒரு தேங்காயும் பத்து மீட்டர் நூலும்தான்.

#17 சவ்வூடு

தேங்காய் போதும் டீச்சர். அது பாதிக்கு மேல் நீருக்குள் மிதக்கும், காற்று அதிகம் தள்ளாது. பத்து மீட்டர் நூல் இறுக எத்தனை நொடி என்று பத்து முறை எண்ணுங்கள், ஏறு நீரிலும் இறங்கு நீரிலும் தனித்தனியாக. அந்த எண்களைப் போடுங்கள், சமன்பாட்டை இங்கேயே சேர்ந்து எழுதுவோம். தேவிபட்டினம் தம்பி, உன் கட்டத்தாள் நிரல் எந்த நிலையில் இருக்கிறது?